குருவம்மாளின் சிவப்பு மூடிப் புட்டி

சின்னக்கானலைத் தாண்டி மலை மடிப்புக்குள் கிடந்த ஆனைச்சரிவு எஸ்டேட்டில் பெய்த மழையை உள்ளபடி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகையால் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன். ஆனியில் கொடியில் போட்ட சேலை தையில்தான் காயும். கோழிகளின் முதுகில் பாசி பிடித்துவிடும். அவை புதருக்குள் நுழைந்தால் எது கோழி எது புதர் என்று கூப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் வேதமுத்து நோயாளிகளின் பதிவேட்டைத் திறந்தால் ஏடுகளுக்கு நடுவே காளான் நிற்கும். ஒரு தடவை அதைப் பறித்துக் குழம்பு வைத்தார். குழம்போடு ‘அ’ வரிசையில் இருந்த பதினொரு பேரின் பெயரும் போய்விட்டது. அந்தப் பதினொரு பேரும் அந்த வருஷம் முழுக்க ஒரு தும்மல்கூட இல்லாமல் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த மழையில் பிறந்து, இந்த மழையிலேயே நாற்பத்தோரு வயதை எட்டியவள் குருவம்மாள். தாயும் தகப்பனும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். அவள் எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். போடிநாயக்கனூர்ச் சந்தைக்குக் கீழே உலகம் இருப்பதாகக் கேள்விப்பட்டதோடு சரி. கொழுந்து எடுப்பதில் அவளுக்கு நிகர் இல்லை. அவள் ஒரு நிரையில் இறங்கிப் போனால் காற்று போனதாகத்தான் செடிகள் நினைக்கும். கொழுந்து போன விவரமே அவற்றுக்கு மறுநாள்தான் தெரியும். புருஷன் மரம் விழுந்து செத்தபோது அவளுக்கு வயது இருபத்தாறு. அன்று முதல் பத்தாம் நம்பர் லயத்தின் ஏழாவது வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தாள். ஒரு அறை, ஒரு அடுப்படி. பெயர் வேலையாள் பதிவேடான செக்ரோலில் இருக்கிற வரைக்கும் வீடு இருக்கும். பெயரை அடித்தால் வீட்டையும் விட வேண்டும். எஸ்டேட் சட்டத்தில் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான்.

எழுபத்து நாலாம் வருஷத்து மழையில் எஸ்டேட்டில் அறுபது பெண்களுக்குப் படர்தாமரை வந்தது. நாள் முழுக்க நனைந்த சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தால் வராமல் என்ன செய்யும். வட்ட வட்டமாகக் கிளம்பி, ஓரம் சிவந்து, மாலையில் லயத்தில் அறுபது பேரும் ஒரே சமயத்தில் சொறிந்தால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் அரம் போடுகிற சத்தம் என்று எண்ணுவார்கள். தேயிலைச் செடிக்கும் பூசணம் வரும். இலையில் கொப்புளம் கட்டும். அதற்கு மூன்றாம் நாளே தாமிர மருந்து அடித்துவிடுவார்கள். ஆளுக்கு வந்தால் வேதமுத்து ஊதா மருந்தைத் தடவுவார். படர்தாமரை போகாது, ஊதாவும் போகாது.

குருவம்மாளின் அடுப்படிச் சுவரை ஒட்டி ஒரு சீமையகத்திச் செடி நின்றது. போடியிலிருந்து விதை கொண்டுவந்து போட்டது. மெழுகுவர்த்தி வரிசை போல மஞ்சள் பூ நிமிர்ந்து நிற்கும். இலையை எலுமிச்சம் சாற்றில் அரைத்துத் தடவினால் படர்தாமரை பத்து நாளில் வாடும்; நனைந்த சாக்கைக் கட்டினால் மறுபடி கிளம்பும். லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அரைத்து வாங்கிப் போவார்கள். இதில் ஒரு கோளாறு நடந்தது. குருவம்மாளுக்கு இடுப்பில் வராமல் கையில் வந்தது. விரல் இடுக்குகளிலும், வலது கைப் பெருவிரலிலும். தன் கைக்கு அரைக்கலாம் என்று அவள் அம்மியருகே உட்காரும்போதெல்லாம் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள்.

அந்தச் சமயத்தில் கொச்சியில் தேயிலையை ருசி பார்த்து எழுதுகிற ஒருவர், ஆனைச்சரிவுத் தேயிலையில் ஏதோ மனித வாடை இருப்பதாக எழுதிவிட்டார். மானேஜர் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு தன் கையையே முகர்ந்து பார்த்தார். பிறகு உத்தரவு போட்டார். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்காக எல்லோரும் வரிசையில் நிற்கும்போது வேதமுத்து அதைப் படித்தார்.

“கையில் படை உள்ளவர்கள் கொழுந்தைத் தொடக் கூடாது. நாற்பதாம் நாள் டாக்டரம்மா வருவார்கள். அன்றைக்கும் கையில் படை இருந்தால் செக்ரோலில் பேர் நீக்கப்படும்.” படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இடுப்புக்காரங்களைச் சொல்லல. கைக்காரங்க எத்தனை பேர்?”

குருவம்மாள் ஒருத்திதான் கையைத் தூக்கினாள். தூக்கிய கையிலேயே படை இருந்ததால் சாட்சி தேவைப்படவில்லை.

அன்றைக்கே ரத்தினசாமி வந்து இறங்கினார். மலையாள நாட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு கல்லூரியில் தாவரப் பாடம் சொல்லித் தருகிறவர். மைக்ராஸ்கோப்பைப் பூந்துவாலையில் சுற்றி, பஸ் தூக்கித் தூக்கிப் போட்டபோதெல்லாம் நெஞ்சோடு அணைத்து, மடியில் வைத்தே கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு ராமுத்தாய்தான் அவரை முதலில் பார்த்தவள்.

“ஆணா பொண்ணா சார்?” என்று கேட்டாள்.

“மைக்ராஸ்கோப்புங்க,” என்றார் அவர்.

“பேரு நல்லாத்தான் இருக்கு. தாய்க்காரி எங்க?”

அவர் ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். செடிகளில் உள்ள சத்து தோல் பூசணத்தைக் கொல்லுமா என்பது ஆராய்ச்சி. ஒரே இடத்தில் அறுபது படர்தாமரை என்று கேள்விப்பட்டதும், வேறு ஆட்கள் திருப்பதிக்குப் புறப்படுவதுபோலப் புறப்பட்டு வந்துவிட்டார். குருவம்மாளின் செடியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார்.

“ஏனுங்க அம்மணி, இந்தக் குளிர்ல இது எப்படிங்க பொழச்சுது?”

“அடுப்புச் செவத்துச் சூட்டுல சார். நான் ஒரு நா சோறு பொங்கலேன்னா அதுக்குச் சளி பிடிச்சிக்கிடும்.”

“படர்தாமரைங்கிறது ஒரு பூசணமுங்க. பழைய சோத்துல பூக்குது, செருப்புல பூக்குது பாருங்க, அதோட பங்காளி. இந்த எலையில மஞ்சளா ஒரு சத்து இருக்குதுங்க. அது பூசணத்தைக் கொல்லும்னு எல்லாரும் சொல்றாங்க. சொன்னாப் பத்தாதுங்க, நிரூபிக்கோணும்.”

“அதான் அத்தன இடுப்புல நிரூபிச்சாச்சே சார்.”

“அது அனுபவமுங்க. நிரூபணம் வேறைங்க.”

இலையெல்லாம் வேண்டும் என்றார். அறுபது பேருக்கும் புட்டி தருவேன், உங்கள் கையும் குணமாகிவிடும் என்றார். அவர் அதைச் சராசரிக் கணக்கில் சொன்னார் என்பது குருவம்மாளுக்குத் தெரியாது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் இலையை எடுத்தார், காம்பை எடுத்தார், அந்தச் செடிக்கு ஈடாக இன்னொன்று கிடைக்காது என்று வேரையும் எடுத்து, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றினார். அடுப்படிச் சுவர் மொட்டையாக நின்றது. அம்மியும் போனதால் அன்று வீட்டில் துவையலும் இல்லை.

பத்து நாள் பாக்டரிக்குப் பின்னால் ஓர் அறையில் ஸ்பிரிட்டில் இலையை ஊறப்போட்டு, சத்தை இறக்கி, தேங்காய் எண்ணெயில் கலந்தார். பதினோராம் நாள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் பேரிலும் ஒரு காசைச் சுண்டினார். தலை விழுந்தால் பச்சை மூடிப் புட்டி, பூ விழுந்தால் சிவப்பு மூடிப் புட்டி. புட்டியில் எண். ‘முப்பது நாளைக்கு என் எண் போட்ட புட்டியில் உள்ளதைத் தவிர வேறு எதையும் தடவ மாட்டேன்’ என்று ஒரு காகிதம். அதில் பெருவிரல் ரேகை. எந்த மூடியில் என்ன இருக்கிறது என்பதை எழுதி, உறையில் போட்டு, கூடவே தன் மூக்குக் கண்ணாடியையும் போட்டு அரக்கு வைத்தார், அது தவறுதலாக.

குருவம்மாளுக்கு எண் முப்பத்தேழு. சிவப்பு மூடி. ரேகை வைத்தது அரிக்கிற பெருவிரல்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். மூடினாள். புட்டியோடு நேராகப் பாக்டரிக்குப் பின்னால் போனாள்.

“சார், இது முருங்கைக்கீரை.”

ரத்தினசாமி கூரையைப் பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க.”

“நீங்க சொல்ல வேண்டாம், எண்ணெயே சொல்லுது. பச்சையாத் தெரியட்டும்னு முருங்கையப் போட்டுக் காய்ச்சியிருக்கீக. ரெண்டு வத்தலக் கிள்ளிப் போட்டாச் சோத்துக்கு ஆகும். கைக்கு ஆகாது.”

“இந்தச் சோதனையில மூக்குக்கு எடமில்லீங்க அம்மணி.”

“மூக்கக் கழத்தி எங்க வைக்க?”

ரத்தினசாமிக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல முயன்றால் காது சிவக்கும். காது சிவந்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். “பாதிப் பேருக்கு மருந்துங்க. பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய். வெறும் எண்ணெய்க்காரங்களுக்குக் குணமாகாம இருந்தாத்தானுங்க, மத்தவங்களுக்குக் குணமானது மருந்தாலன்னு ஆகும்.”

“அப்ப நான் சொறிஞ்சிக்கிட்டே கிடந்தாத்தான் உங்களுக்குச் செயம்.”

“எனக்கில்லீங்க. விஞ்ஞானத்துக்குங்க.”

“விஞ்ஞானத்துக்கு எந்த லயத்துல வீடு சார்?”

அவர் தரையில் கிடந்த முருங்கைக் காம்புகளைப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, “முப்பத்தோராம் நாள் மொதப் புட்டி உங்களுக்குத்தானுங்க,” என்றார்.

“புட்டி வந்த முப்பதாம் நாளே டாக்டரம்மா வாராக. அன்னைக்கு நாப்பது ஆயிருது.”

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எத்தனை முறை எண்ணினாலும் முப்பது முப்பத்தொன்றுக்கு முன்னால்தான் வந்தது.

போடிக்கு ஆள் அனுப்பி வேறு இலை வாங்கி அரைக்கலாம்தான். ரேகை வைத்தாயிற்றே. பொய்ச் சத்தியம் செய்த விரலோடு டாக்டரம்மா முன்னால் போய் நீட்டினால், படை போயிருந்தாலும் விரல் நடுங்கும் என்று குருவம்மாள் நினைத்தாள். வீட்டுக்கு வந்து சாமான்களை எண்ணினாள். இரண்டு குடம், ஒரு பெட்டி, ஒரு கம்பளி. எடுத்துக்கொண்டு போக எவ்வளவு என்று தெரிந்தது. எங்கே போவது என்று தெரியவில்லை.

விஷயம் ராமுத்தாய் வாய்க்குப் போய், அங்கிருந்து யூனியன் கன்வீனர் வீரபாண்டியின் காதுக்குப் போயிற்று. வீரபாண்டி சீப்பு வாங்கினால்கூட அதன் பற்களுக்குச் சமஉரிமை இருக்கிறதா என்று பார்க்கிறவர். டிஸ்பென்சரி வாசலில் பெட்டி மேல் ஏறி நின்றார்.

“தோழர்களே, இது வர்க்க பேதம். பச்சை மூடி ஒரு வர்க்கம், சிவப்பு மூடி ஒரு வர்க்கம். சிவப்பு நம்ம கொடியோட நிறம். அந்த மூடிக்குள்ள வெறும் எண்ணெய ஊத்தினது தற்செயல்னு நம்ப நான் தயாரில்ல.”

மறுநாள் ஒரு நாள் சமரம், யாரும் வேலைக்கு இறங்கவில்லை. ‘அனைவருக்கும் ஒரே மூடி’ என்பது கோரிக்கை. மானேஜர் கோரிக்கைத் தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். ஆட்சேபணை சொல்ல அதில் எதுவும் இல்லை. பாக்டரிப் பெயின்டரை அனுப்பினார். பெயின்டர் சாயங்காலத்துக்குள் அறுபது மூடிக்கும் வெள்ளையடித்துக் கொடுத்தார். வீரபாண்டி வெற்றி ஊர்வலம் நடத்தினார். ஊர்வலத்தின் கடைசியில் குருவம்மாளும் நடந்தாள்.

“செயிச்சாச்சு மதினி,” என்றாள் ராமுத்தாய்.

“மூடி வெள்ளையாயிருச்சு. எண்ணெய் இன்னும் முருங்கையாத்தான் இருக்கு.”

ராமுத்தாய் ஊர்வலத்திலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் மோதினார்கள். “கூறு போட்டா என்ன?” என்றாள்.

லயத்தில் பொதுவாக எது வந்தாலும் கூறு போடுவதுதான் வழக்கம். மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கிடா வெட்டினால் இலைகளில் ஒரே அளவாகக் கூறு வைப்பார்கள். ஒருத்தி கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். இன்னொருத்தி ஒரு கூற்றைத் தொட்டு, “இது யாருக்கு?” என்பாள். முதுகு காட்டியவள் ஒரு பெயரைச் சொல்வாள். எலும்பு விழுந்தாலும் ஈரல் விழுந்தாலும் சண்டை கிடையாது. எஸ்டேட்டில் போனஸ் கம்பளி குறைந்து வந்த வருஷம், கம்பளியையே வெட்டிக் கூறு போட்டு, எல்லோருக்கும் முழங்கால் மட்டும் குளிர் அடித்ததாகச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல், குழாயடியில், கொடைப் பொங்கல் வைக்கிற பித்தளை அண்டா வந்தது. அறுபது பேரும் புட்டியோடு வந்தார்கள். ஒருத்தி மட்டும் தயங்கினாள்.

“ரேகை வச்சிருக்கோமே மதினி.”

“என்னன்னு வச்சே?” என்றாள் ராமுத்தாய். “என் எண் போட்ட புட்டியில உள்ளதத் தவிர வேற எதையும் தடவ மாட்டேன்னு. உன் எண் போட்ட புட்டியில உள்ளதத்தான தடவப் போறே? வக்கீலு வந்தாலும் குத்தம் சொல்ல முடியாது.”

எல்லோருக்கும் அது சட்டமாகத் தெரிந்தது. குருவம்மாள் மட்டும் தன் புட்டியை ஊற்றாமல் கையில் வைத்திருந்தாள்.

“ஏ ராமுத்தாயி, உனக்குப் பச்சை மூடி. முழு மருந்து. என் முருங்கையக் கலந்தா உனக்குப் பாதி போயிரும்லா.”

“என் இடுப்பு எந்த லிஸ்டுல இருக்கு? உன் கைதான் இருக்கு. ஊத்து மதினி.”

ஊற்றினாள். சோற்று அகப்பையால் இடமும் வலமுமாகக் கிளறினார்கள். மறுபடி புட்டிகளில் ஊற்றி, ஒரு ஈர்க்குக் குச்சியை விட்டு அளவு பார்த்து, ஏறினதைக் குறைத்து, குறைந்ததை ஏற்றினார்கள். புட்டிக்கு எண் இருந்ததால் முதுகு காட்டிப் பெயர் சொல்கிற வேலை மிச்சம். ஆனாலும் வழக்கத்தை விடக் கூடாது என்று ஒரு கிழவி கடைசிவரை முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ரத்தினசாமிக்குக் கஷ்டகாலம். வாரம் ஒரு தடவை தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முதல் வாரம் பச்சைக்காரர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. சந்தோஷப்பட்டார். சிவப்புக்காரர்களுக்கும் அதே கொஞ்சம் குறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டாம் வாரம் இரண்டு பக்கமும் இன்னும் குறைந்தது. மைக்ராஸ்கோப்பைத் துடைத்தார். மூன்றாம் வாரம் துடைக்க வேறெதுவும் இல்லாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு குருவம்மாளிடம் வந்தார்.

“அம்மணி, ஒரு பெரிய விஷயமுங்க. முருங்கைக்கீரை படர்தாமரையக் கொல்லுதுங்க. உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. எங்க ஊட்டுக் கொல்லையில எட்டு மரம் நிக்குது. இத்தனை வருஷமா அதைப் பொரியல் பண்ணியே பாழாக்கிட்டோமுங்க.”

“சீமையகத்தி?”

“அது முருங்கைக்குச் சமமுங்க, அவ்வளவுதான். தனியா அதுக்குன்னு பெருமை ஒண்ணுமில்லைன்னு எழுதிருவேனுங்க.”

குருவம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் விரல் இடுக்குகள் அப்போது காய்ந்து, தோல் உரிந்து, கீழே புதுத் தோல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்டா விஷயத்தைச் சொன்னால் அறுபது பேருடைய ரேகையும் சந்திக்கு வரும். ரத்தினசாமி அன்றே தேவிகுளம் போய்த் தன் மேலதிகாரிக்குத் தந்தி அடித்தார். ‘முருங்கை’ என்று ஒரே சொல். மேலதிகாரி ஊரில் கீரை கிடைக்கவில்லை என்று நினைத்து, பஸ்ஸில் இரண்டு கட்டுக் கொடுத்தனுப்பினார்.

முப்பதாம் நாள் டாக்டரம்மா வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், மூன்று எஸ்டேட்டுகளுக்கு அவர் ஒருவர்தான், ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கையில் பேனாவைத் திறந்துகொண்டு இறங்குவார். டிஸ்பென்சரியில் வேதமுத்து மேஜை மேல் இரண்டு தாள் வைத்திருந்தார். ஒன்று, வேலைக்குத் தகுதி என்று எழுதுகிற தாள். இன்னொன்று, வீட்டைக் காலி செய்யச் சொல்லுகிற தாள். இரண்டாவதில் பெயரைக்கூட நிரப்பி வைத்திருந்தார்; அவருக்கு வேலையைத் தள்ளிப் போடுகிற பழக்கமில்லை. ரத்தினசாமி பிரித்த உறையோடு ஓர் ஓரத்தில் நின்றார். ஜன்னலில் லயம் முழுக்க இருந்தது.

டாக்டரம்மா குருவம்மாளின் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒவ்வொரு விரலாக விரித்தார்.

“கை நல்லாயிட்டுண்டல்லோ. என்ன மருந்து போட்டது?”

வேதமுத்து முந்திக்கொண்டார். “மருந்தே போடல மேடம். முப்பத்தேழாம் நம்பர், சிவப்பு மூடி. வெறும் தேங்காய் எண்ணெய். சார் உறையைப் பிரிச்சுக் காட்டிட்டார்.”

“முருங்கை, முருங்கை,” என்றார் ரத்தினசாமி மெதுவாக.

டாக்டரம்மா பேனாவை மூடினார். “மருந்தில்லாம போன படை மருந்தில்லாம திரிச்சு வரும். மழை நின்னப்போ தானா வாடியிருக்கும். அடுத்த வாரம் பின்னயும் பொங்கும். இதை வச்சு நான் எப்படி ஒப்பு போடும்? மருந்து போட்டு மாறினதுன்னா எழுதலாம்.”

வேதமுத்து இரண்டாவது தாளை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினார்.

குருவம்மாள் அந்தத் தாளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஏழு என்ற இலக்கம் தெரியும். அது வீட்டுக் கதவில் இருந்தது. ஜன்னலைப் பார்த்தாள். ராமுத்தாய் அங்கிருந்து தலையை ஆட்டினாள். சொல் என்றா சொல்லாதே என்றா என்று விளங்காத தலையாட்டல்.

“மருந்து போட்டேன்மா,” என்றாள் குருவம்மாள். “பாதி மருந்து. எல்லாருதையும் அண்டாவுல ஊத்திக் கூறு போட்டோம்.”

வேதமுத்துதான் முதலில் பேசினார். “அப்ப ரேகையை மீறியிருக்கா மேடம். வேலைக்காகப் பொய்யும் சொல்லலாம்.”

“பொய்யின்னா என் இடுப்பப் பாரு கம்பவுண்டரய்யா,” என்றாள் ராமுத்தாய் ஜன்னலிலிருந்து. “அதுலயும் பாதிதான்.”

டாக்டரம்மா ரத்தினசாமியைப் பார்த்தார். “மாஷே, இது தெரிஞ்சுக்க வழி உண்டோ? இந்தப் புட்டியில இலை இருக்கா இல்லையா?”

வழி இருந்தது. ரத்தினசாமிக்கு அது இருப்பது தெரியும். அதனால்தான் அவர் முகம் அப்படிப் போயிற்று. சீமையகத்தியின் மஞ்சள் சத்தில் காரம் பட்டால் சிவக்கும். டிஸ்பென்சரியில் மயங்கி விழுகிறவர்கள் மூக்கில் காட்ட அம்மோனியா இருந்தது. அவர் முதலில் தன்னிடம் மிச்சமிருந்த, யாரும் தொடாத முருங்கை எண்ணெயை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அம்மோனியா சேர்த்துக் குலுக்கினார். பச்சையாகவே இருந்தது. பிறகு முப்பத்தேழாம் புட்டியின் அடியில் கிடந்த எண்ணெயை இன்னொரு குழாயில் விட்டார். அம்மோனியாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதில் சிவப்பு வராவிட்டால் அவருக்கு முருங்கை கிடைக்கும். எட்டு மரமும் தந்தியும் வீண் போகாது. வந்தால் முப்பது நாள் போச்சு.

ஊற்றிக் குலுக்கினார். எண்ணெய் மேலே ஒதுங்கியது. கீழே, குழாயின் அடியில், பன்னீர் ரோஜா நிறம் இறங்கி நின்றது.

அவர் அதைச் சட்டை மறைவில் வைத்துவிடலாம். டாக்டரம்மா கண்ணாடி போடவில்லை. வேதமுத்து எதிர்ப்பக்கம் நின்றார். ரத்தினசாமி குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

“இருக்குதுங்க,” என்றார். “எலை இருக்குதுங்க. மருந்து போட்டுத்தான் மாறியிருக்குதுங்க.” காது சிவக்கவில்லை.

டாக்டரம்மா பேனாவைத் திறந்து முதல் தாளில் எழுதினார். வேதமுத்து, “அப்ப இந்தத் தாளு?” என்றார். “அதில் மருந்து மடிச்சுக் கொடுக்கலாம்,” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஜீப்பில் ஏறினார்.

ரத்தினசாமி நிறுத்தவில்லை. ஒவ்வொரு புட்டியாக வாங்கி அறுபதையும் பார்த்தார். டிஸ்பென்சரி ஜன்னலில் அறுபது குழாய் ரோஜா நிறத்தில் வரிசையாக நின்றது. அவருடைய ஆராய்ச்சி அவ்வளவு அழகாகக் கெட்டுப் போயிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் எழுதினார். குருவம்மாள் கட்டன்சாயா கொண்டுபோய் வைத்தாள்.

“எங்க மேல கோவமா சார்?”

“இல்லீங்க அம்மணி. ஈர்க்குல அளந்தீங்கன்னு சொன்னீங்களே. எல்லாப் புட்டியும் சரியாப் பாதிதானுங்களே?”

“ஒரு சொட்டு கூடக் குறைய இருந்தாச் சண்ட வந்திருக்கும் சார்.”

“பாதி அளவுலயே குணமாகுதுன்னு எழுதலாமுங்களா, எழுதப்படாதுங்களா...” என்று அவர் பேனாவைக் கடித்தார். அவர் கடைசியில் எதை எழுதினார் என்பது ஆனைச்சரிவுக்கு வந்து சேரவில்லை. முருங்கைக் கட்டு மட்டும் மேலதிகாரியிடமிருந்து இன்னும் மூன்று மாதம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. லயத்தில் அதையும் கூறு போட்டார்கள்.

மறுநாள் காலை பெரட்டில் குருவம்மாளின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளேன் என்றாள். ஓய்வு பெறுகிற வரை இன்னும் பதினேழு வருஷம் கொழுந்து எடுத்தாள், அதே ஏழாவது வீட்டில் இருந்துகொண்டு. அந்த வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் ஆபீசில் புகார் சொன்னதில்லை. சொன்னால் கூரையைப் பார்க்க ஆள் வருவார்கள். வருகிற ஆள் கையில் ஏதாவது லிஸ்ட் இருக்கும்.